எல்க் வேட்டை: எந்த மாநிலம், எந்த வாரம், சாலையிலிருந்து எவ்வளவு தூரம்?

செப்டம்பரில் வில்லை எடுத்துக்கொண்டு அமெரிக்காவின் ராக்கி மலைக்கு எல்க் என்னும் பெரிய மான் வேட்டைக்குப் போகலாம் என்று நினைப்பவர்கள் முதலில் கேட்பது, எந்த மாநிலத்தில் டேக், அதாவது ஒரு விலங்கை வேட்டையாடும் அனுமதிச் சீட்டு, சுலபமாகக் கிடைக்கும் என்பதுதான். அடுத்து மாநிலத்துக்குள் எந்த யூனிட் (வேட்டைப் பகுதி), அப்புறம் என்ன வில். இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போடச் சொல்வேன். எல்க் விழுந்த பிறகு அதன் இறைச்சியை, கெட்டுப்போவதற்கு முன்னால், எவ்வளவு தூரத்திலிருந்து உங்களால் சுமந்து வர முடியும்? இதற்கு உண்மையான பதில் தெரிந்துவிட்டால் மாநிலம், வாரம், கேம்ப் மூன்றும் பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும்.

டெக்சாஸ், இலினாய், நியூ ஜெர்சி என்று தொலைவில் இருந்துகொண்டு, வார இறுதிகளில் வில் பழகி, நண்பர் ஒருவரோடு முதல் தடவையாக மேற்கே போக நினைக்கும் தமிழர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். வழிகாட்டி இல்லாமல், பொதுநிலத்தில், முதுகில் பையோடு. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இந்தியாவில் வேட்டை என்றாலே குற்றம் என்ற நிலையில் வளர்ந்தவர்களுக்கு இங்குள்ள ஏற்பாடு பிடிபடக் கொஞ்ச நாள் ஆகும். 1900-களின் தொடக்கத்தில் அமெரிக்கா முழுவதிலும் எல்க் ஒரு லட்சத்துக்கும் கீழே போயிருந்தது. கொலராடோ 1912 முதல் வயோமிங்கிலிருந்து எல்க்குகளைக் கொண்டுவந்து தன் மலைகளில் விட்டது. இன்று அந்த ஒரு மாநிலத்தில் மட்டும் இரண்டரை லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. லைசென்ஸ் கட்டணமும், 1937-ஆம் ஆண்டின் பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி துப்பாக்கி, தோட்டா மீதும் பிற்பாடு வில், அம்பு மீதும் வந்த வரியும் அந்த மீட்சிக்குப் பெரிய துணை.

எச்1பி விசாவில் இருப்பவர்கள் அடிக்கடி கேட்பதற்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். கூட்டாட்சிச் சட்டத்தில் வில் துப்பாக்கிக் கணக்கில் வராது. விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதற்கு உள்ள கட்டுப்பாடு வில்லுக்குப் பொருந்தாது. ஹன்டர் எஜுகேஷன் (வேட்டைப் பயிற்சி) சான்றிதழ் மட்டும் வேண்டும். ஐடஹோவும் மொன்டானாவும் அதற்கு மேல் வில்வேட்டைப் பயிற்சிச் சான்றோ, முன்பு வாங்கிய வில்வேட்டை லைசென்ஸோ கேட்கும்.

சுமைக் கணக்கு

வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோவுக்கு மேல் இருக்கும். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் கடமானைவிடப் பெரிய விலங்கு. எலும்பை நீக்கிவிட்டால் கையில் நிற்பது சுமார் 200 பவுண்டு இறைச்சி. கொம்பும் மண்டையோடும் தனி. மலையில் ஒரு தடவைக்கு ஆள் ஒருவர் 50 பவுண்டு சுமப்பதாக வையுங்கள். 80, 90 பவுண்டு சுமப்பவர்களும் உண்டு. முதல் தடவை போகிறவர் அந்த நம்பிக்கையில் திட்டம் போட வேண்டாம். ஆக, நான்கு சுமை.

தனி ஆளாக, காரிலிருந்து மூன்று மைல் உள்ளே எல்க் விழுந்திருக்கிறது என்றால், நான்கு தடவை சுமையோடு வெளியே, மூன்று தடவை வெறுங்கையோடு உள்ளே: 21 மைல். ஆறு மைல் உள்ளே என்றால் 42 மைல். இருவர் இருந்தால் ஆளுக்கு இரண்டு சுமை. மூன்று மைலுக்கு ஆளுக்கு 9 மைல் நடை. கடினம்தான், ஆனால் ஒரே நாளில் முடித்துவிடலாம். ஆறு மைலுக்கு ஆளுக்கு 18 மைல், அதில் 12 மைல் சுமையோடு. இது எல்லாம் 9,000 முதல் 11,000 அடி உயரத்தில், விழுந்த மரங்களைத் தாண்டித் தாண்டி. கூடாரத்தையும் உள்ளே போட்டிருந்தால் அதை எடுத்துவர இன்னொரு நடை.

இதோடு வெயிலைச் சேருங்கள். செப்டம்பர் முதல் வாரத்தில் அந்த உயரத்திலும் பகலில் 70 டிகிரி ஃபாரன்ஹீட் தாண்டும். அவ்வளவு பெரிய உடம்பு, தடித்த தோல். உள்ளே இருக்கும் சூடு லேசில் வெளியேறாது. முதலில் கெடுவது பின்தொடையில், இடுப்பு மூட்டு எலும்பைச் சுற்றியுள்ள பகுதி. அதனால் தோலை உடனே உரித்து, இறைச்சியை எலும்பிலிருந்து பிரித்து, காற்றுப் புகும் துணிப்பைகளில் போட்டு, வடக்குச் சரிவின் நிழலில், ஓடை பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது, தொங்கவிட வேண்டும். பிளாஸ்டிக் பையில் மட்டும் போடாதீர்கள். இரவில் 40 டிகிரிக்குக் கீழே இறங்கினால் இரண்டு மூன்று நாள் தாங்கும். இரவும் சூடாகவே இருந்தால் உங்களுக்கு இருப்பது ஒரு நாள் என்றே கணக்கு வையுங்கள்.

மாலை நேர அம்பு இதில் தனிச் சிக்கல். நுரையீரலில் பட்டால் அரை மணி நேரம் பொறுத்துத் தேடப் போகலாம். வயிற்றில் பட்டுவிட்டால் பல மணி நேரம் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுப் பின்னால் போனால் எழுந்து ஓடி, அப்புறம் கிடைக்கவே கிடைக்காது. மாலை ஏழு மணிக்கு அப்படி நடந்தால் தேடல் மறுநாள் காலைதான். அதற்குள் சூடான இரவு இறைச்சியைக் கெடுத்திருக்கும், அல்லது கரடி வந்திருக்கும். ஆகவே மாதத் தொடக்கத்தில், பொழுது சாயும் நேரத்தில், பக்கவாட்டில் தெளிவாக நிற்காத எல்க் மீது அம்பு விட வேண்டாம். போகட்டும், விடுங்கள்.

உண்ணத் தகுந்த இறைச்சியைக் காட்டிலேயே விட்டு வருவது இந்த மாநிலங்கள் எல்லாவற்றிலும் குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் இதையேதான் சொல்வேன். ஓர் உயிரை எடுத்துவிட்டு, சுமக்க முடியவில்லை என்று பாதியைப் போட்டுவிட்டு வருகிறவர் அந்த மலைக்குப் போயிருக்கவே கூடாது.

முதல் தடவை போகும் இருவருக்கு என் எல்லை சாலையிலிருந்து மூன்று மைல். கீழ்நோக்கித் திரும்பும் நல்ல பாதை இருந்தால் நான்கு. கூட்டத்திலிருந்து தப்ப வேண்டுமானால் ஆழமாகப் போ என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது, ஆனால் முழு உண்மை இல்லை. ஆறு மைல் உள்ளே போய்ப் பார்த்தால் அங்கே குதிரைகளோடு வந்தவர்களின் கேம்ப் இருக்கும். எல்க் மனிதர்களிடமிருந்து ஒதுங்குவது செங்குத்துச் சரிவிலும், இரண்டு பாதைகளுக்கு நடுவே யாரும் இறங்க விரும்பாத அடர்ந்த மரக்காட்டிலும்தான். சாலையிலிருந்து ஒன்றரை மைலில் அப்படி ஒரு வடக்குச் சரிவு இருந்தால், ஆறு மைல் தள்ளியுள்ள அழகான புல்வெளியைவிட அது மேல்.

கேம்ப் எங்கே?

இந்தக் கணக்கோடு பார்த்தால் மற்றத் தேர்வுகள் தெளிவாகும். காரை நிறுத்தும் இடத்தில் கூடாரம் போட்டு, விடிவதற்கு முன் நடந்து, இருட்டியபின் திரும்புவது ஒரு வழி. நல்ல தூக்கம், ஐஸ் பெட்டி பக்கத்திலேயே, நனைந்தால் மாற்றுத்துணி. ஆனால் தினமும் ஏறி இறங்குவதிலேயே கால் போய்விடும்; எல்க் கத்தும் விடியல் நேரத்தில் நீங்கள் இன்னும் பாதையில் நடந்துகொண்டிருப்பீர்கள்.

இரண்டாவது, வீட்டையே முதுகில் சுமந்து, எல்க் எங்கே கத்துகிறதோ அங்கேயே படுப்பது. வேட்டைக்கு இதைவிட நல்ல முறை கிடையாது. இறைச்சிக்கு இதைவிட ஆபத்தான முறையும் கிடையாது, ஏனென்றால் தொடர்ந்து போகப் போக நீங்களே அறியாமல் ஐந்தாவது மைலில் நிற்பீர்கள்.

இரண்டையும் சேர்த்துச் செய்வதையே நான் சொல்வேன். காரடியில் முழு கேம்ப், ஐஸ் பெட்டிகளோடு. முதுகில் மூன்று இரவுக்கான இலேசான சாமான்: ஒரு தார்ப்பாய், தூக்கப்பை, உணவு. இரண்டு மூன்று மைல் உள்ளே போய்த் தங்கி, எல்க் இல்லையென்றால் திரும்பி வந்து, ஒரு நாள் ஓய்வெடுத்து, வேறு பக்கம் போகலாம். இடம் மாறும் சுதந்திரமும் கிடைக்கும். தூரமும் கட்டுக்குள் இருக்கும்.

பணம் செலவழிக்கத் தயார் என்றால் டிராப் கேம்ப் உண்டு. அவுட்ஃபிட்டர், அதாவது வேட்டைப் பயணத்துக்கு ஏற்பாடு செய்து தருபவர், குதிரையில் உங்களையும் சாமானையும் உள்ளே கொண்டுபோய் விட்டுவிட்டு, முடிந்ததும் வந்து எடுப்பார். சில ஆயிரம் டாலர் ஆகும். இங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: சாட்டிலைட் செய்தி அனுப்பினால் எத்தனை மணி நேரத்தில் குதிரை வரும்? "இரண்டு மூன்று நாளில்" என்று பதில் வந்தால் முதல் வார வேட்டைக்கு அவர் வேண்டாம். அந்தப் பகுதிக்கு வனத்துறை அனுமதியும், கொலராடோ என்றால் மாநிலப் பதிவும் இருக்கிறதா என்றும் பாருங்கள். அனுமதி இல்லாமல் தொழில் செய்பவர்கள் இருக்கிறார்கள்.

குதிரை பழக்கம் இல்லாதவர்களுக்குத் தென் அமெரிக்கச் சுமைவிலங்கான லாமா நல்ல வழி என்பது என் எண்ணம். சாதுவான பிராணி, காட்டில் கிடைப்பதை மேயும், ஒவ்வொன்றும் 60, 70 பவுண்டு சுமக்கும். மூன்று நான்கு லாமாக்கள் இருந்தால் ஒரு எல்க் முழுவதும் ஒரே நடையில் வெளியே வந்துவிடும். வாடகைக்கு விடுபவர்கள் அரைநாள் பயிற்சியும் தருவார்கள். லாமா இருந்தால் மட்டும் என் மூன்று மைல் எல்லையை ஆறாகத் தளர்த்துவேன். சக்கர வண்டி யோசனை வேண்டாம். 1964-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வில்டர்னஸ் என்று ஒதுக்கப்பட்ட பகுதிகளில் சைக்கிளுக்கும் கைவண்டிக்கும்கூட அனுமதி இல்லை.

எந்த வாரம்?

கொலராடோவில் வில்வேட்டை செப்டம்பர் மாதம் முழுக்க நடக்கும். முதல் வாரத்தில் எல்க் இன்னும் பயப்படத் தொடங்கவில்லை. நீர்நிலையிலும் சேற்றுக்குட்டையிலும் காத்திருந்து பார்க்கலாம். ஆனால் ஆண்கள் அதிகம் கத்தாது, வெயிலும் உச்சம். நடுவில் ஒன்பது நாள், குழல் வாய் வழியாக மருந்து நிரப்பும் மசில்லோடர் துப்பாக்கிக்காரர்களும் அதே காட்டில் இருப்பார்கள். கடைசி எட்டு ஒன்பது நாட்களில் அவர்கள் போயிருப்பார்கள்; இணைசேரும் காலத்தின் உச்சம்; இரவில் உறைபனி விழும். பெரிய ஆண் தன் பெண்கூட்டத்தை ஓட்டிக்கொண்டு விலகிப்போகும், கூப்பிட்டால் எளிதில் வராது என்பது குறைதான். சுற்றித் திரியும் இளம் ஆண்கள் வரும், முதல் தடவைக்கு அது போதாதா? ஒரே ஒரு வாரம்தான் விடுப்பு என்றால் கடைசி வாரத்தை எடுங்கள். குளிர்ந்த இரவு உங்களுக்கு ஒரு நாள் கூடுதலாகத் தருகிறது; அந்த ஒரு நாள்தான் இறைச்சியைக் காப்பாற்றும்.

எந்த வாரமானாலும் போய்ச் சேர்ந்த முதல் இரண்டு நாள் மெதுவாக நடங்கள். கடல்மட்டத்திலிருந்து வந்தவர்களுக்குத் தலைவலியும் குமட்டலும் வரலாம். படுத்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் தாமதிக்காமல் கீழே இறங்க வேண்டும். காற்றையும் கவனியுங்கள்: காலையில் குளிர்காற்று சரிவில் கீழ்நோக்கி இறங்கும், வெயில் ஏறியதும் மேல்நோக்கித் திரும்பும், மாலையில் மறுபடி இறங்கும். எல்க்கின் மூக்குக்கு நம் வாசனை போய்விட்டால் அன்றைய வேட்டை முடிந்தது.

மாநிலங்கள்

இனி டேக். கொலராடோவில்தான் அமெரிக்காவிலேயே அதிக எல்க் இருக்கிறது. பல ஆண்டுகளாக வெளிமாநிலத்தவரும் கடையில் போய் வில்வேட்டை டேக் வாங்கிக்கொள்ள முடிந்தது. 2025-லிருந்து அது கிடையாது. வெளிமாநிலத்தவர் எல்லோரும் ஏப்ரல் தொடக்கத்தில் முடியும் குலுக்கலில் விண்ணப்பிக்க வேண்டும். பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு ஆகஸ்டில் டேக் வாங்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். கட்டணம் 800 டாலர் அளவில், அதோடு விண்ணப்பிக்கத் தேவையான தகுதி லைசென்ஸ் தனி. சாலைகள் அதிகம், ஊர்கள் பக்கத்தில், கிரிஸ்லி கரடி கிடையாது, கருங்கரடி மட்டுமே. பொதுநிலத்தில் வில்லோடு போகிறவர்களில் பத்துக்கு ஒருவர், கொஞ்சம் கூடினால் ஏழெட்டுப் பேருக்கு ஒருவர்தான் எல்க்கோடு திரும்புகிறார் என்பதையும் தெரிந்துகொண்டே போங்கள். ஃபிளாட் டாப்ஸ் பகுதியும் அதைச் சுற்றிய வொயிட் ரிவர் காடும் மாநிலத்தின் மிகப் பெரிய எல்க் கூட்டத்தின் இடம். மேல்தளம் ஓரளவு சமமாக இருப்பதால் சுமைக்கு இரக்கமான நிலமும்கூட. தெற்கே வெமினூச் வில்டர்னஸ் கண்ணுக்கு விருந்து, முழங்காலுக்குத் தண்டனை.

வயோமிங்கில் எல்க் வேட்டை நன்றாக இருக்கும், கூட்டமும் குறைவு. ஆனால் வில்டர்னஸ் பகுதிக்குள் வெளிமாநிலத்தவர் பெரிய விலங்கு வேட்டையாட வேண்டுமானால் லைசென்ஸ் பெற்ற வழிகாட்டியோ, அதற்கென அனுமதி வாங்கிய உள்ளூர் நண்பரோ கூடவே வர வேண்டும். நடக்கலாம், மீன்பிடிக்கலாம், வேட்டை மட்டும் தனியாகக் கூடாது. பொது டேக்குக்கே குலுக்கலில் முன்னுரிமை தரும் புள்ளிகளைச் சில ஆண்டுகள் சேர்க்க வேண்டியிருக்கிறது. விண்ணப்பம் பிப்ரவரி தொடக்கத்தில் முடிந்துவிடும். வடமேற்கில் கிரிஸ்லி உண்டு, இறைச்சியை இரவு முழுக்கத் தொங்கவிட்டுத் தூங்கப் போவது அங்கே வேறு மாதிரியான கவலை.

மொன்டானாவின் பெரிய வசதி சீசனின் நீளம்: செப்டம்பர் தொடக்கத்திலிருந்து அக்டோபர் நடுப்பகுதிவரை, ஆறு வாரம். அக்டோபரில் போனால் குளிர் உங்கள் பக்கம்; இறைச்சிக் கவலை பாதியாகிவிடும். விண்ணப்பம் ஏப்ரல் 1-க்குள். எல்க் நிறையத் தனியார் பண்ணைகளில் ஒதுங்கிக்கொள்வது இங்கே தலைவலி. பிளாக் மேனேஜ்மென்ட் திட்டத்தின்கீழ் சில பண்ணையாளர்கள் பொதுமக்களை அனுமதிக்கிறார்கள் என்பது ஆறுதல். மேற்குப் பகுதியில் கிரிஸ்லி இருக்கிறது. கரடி ஸ்பிரே இடுப்பிலேயே இருக்க வேண்டும், பைக்குள் அல்ல.

ஐடஹோவிலும் நிலைமை மாறிவிட்டது. டிசம்பரில் இணைய வரிசையில் நின்று டேக் வாங்கும் முறை போய், 2026 சீசனிலிருந்து வெளிமாநிலத்தவருக்குக் குலுக்கல்; விண்ணப்பம் முந்தைய டிசம்பரிலேயே. ஃபிராங்க் சர்ச் வில்டர்னஸ் 23 லட்சம் ஏக்கருக்கு மேல், கண்கொள்ளாக் காடு. சரிவுகளின் செங்குத்தைப் பார்த்தால் மூன்று மைலே அங்கே ஆறு மைலுக்குச் சமம். இரண்டாவது மூன்றாவது தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நியூ மெக்சிகோவில் புள்ளி முறையே இல்லை, யாருக்கும் எந்த ஆண்டும் அடிக்கலாம்; ஆனால் வழிகாட்டி இல்லாத வெளிமாநிலத்தவருக்கு ஒதுக்கீடு 6 சதவீதம்தான். மார்ச்சில் விண்ணப்பம் போட்டுவிட்டு, கிடைத்தால் கிடைக்கட்டும் என்று மறந்துவிடலாம்.

ஆக, முதல் தடவை போகும் இருவருக்கு என் தேர்வு கொலராடோ, அதிகப் புள்ளி கேட்காத யூனிட், செப்டம்பர் கடைசி வாரம். வெயிலுக்கு அஞ்சுபவர்களும், கிரிஸ்லிக்கு அஞ்சாதவர்களும் மொன்டானாவின் அக்டோபரைப் பார்க்கலாம்.

வில்லைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. எல்க்குக்குக் குறைந்தபட்ச இழுவிசை கொலராடோவில் 35 பவுண்டு, ஐடஹோவில் 40, வயோமிங்கில் 50. உங்களால் உட்கார்ந்தபடி, மூச்சு வாங்கும்போதும், நடுங்காமல் இழுக்க முடிகிற வில்தான் சரியான வில். அம்பில் வேட்டை முனையைப் பொருத்தியே பழகுங்கள். பயிற்சி முனை போகும் இடத்துக்கே அது போகும் என்று நம்பக் கூடாது. கிராஸ்போ (விசையால் எய்யும் குறுக்குவில்) வைத்திருப்பவர்கள் கவனிக்க: வயோமிங் அதை வில் சீசனில் ஏற்கிறது, கொலராடோ, மொன்டானா, ஐடஹோ பொதுவாக ஏற்பதில்லை.

வரைபடத்தில் பார்க்க வேண்டியவை

பொதுநிலம் என்பது பெரும்பாலும் தேசிய வனமும், கூட்டாட்சி அரசின் நில மேலாண்மைத் துறையான பிஎல்எம்மின் நிலமும். தேசியப் பூங்காவில் வேட்டை கூடாது. ஆன்எக்ஸ் போன்ற செயலியில் எல்லைக்கோடுகளைப் பதிவிறக்கிக்கொள்ளுங்கள், உள்ளே சிக்னல் இருக்காது. கொலராடோவில் தனியார் நிலத்தில் பலகை இல்லாவிட்டாலும் அனுமதியின்றி நுழைவது குற்றம். அடிபட்ட எல்க் வேலியைத் தாண்டி ஓடினாலும் நில உரிமையாளரிடம் கேட்காமல் நீங்கள் தாண்டக் கூடாது. எல்லைக்கு அருகே அம்பு விடுவதற்கு முன் இதை நினையுங்கள்.

பழைய ரயில்பாதை மானியங்களால் சதுரங்கக் கட்டம்போல் பொதுநிலமும் தனியார் நிலமும் மாறி மாறிக் கிடக்கும் பகுதிகள், குறிப்பாகத் தெற்கு வயோமிங்கில், உண்டு. மூலையோடு மூலை தொடும் இரண்டு பொதுநிலங்களுக்கு இடையே, தனியார் மண்ணை மிதிக்காமல் தாண்டலாமா என்ற வழக்கில், 2025 மார்ச்சில் பத்தாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் வேட்டைக்காரர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்துவிட்டது. அந்தத் தீர்ப்பு வயோமிங், கொலராடோ, நியூ மெக்சிகோ, யூட்டா ஆகியவற்றைக் கட்டுப்படுத்தும். மொன்டானாவும் ஐடஹோவும் வேறு வட்டாரம். அங்கே இதை நம்பிப் போகாதீர்கள்.

வீடு திரும்புவதற்குக் காரே நல்லது. விமானத்தில் 200 பவுண்டு இறைச்சி என்பது செலவும் பதற்றமும். இரண்டு பெரிய ஐஸ் பெட்டியும் கொஞ்சம் டிரை ஐஸும் போதும். மூளைத் தேய்வு நோய் இந்த மாநிலங்கள் எல்லாவற்றிலும் மான்களிடம் இருக்கிறது. தலையைப் பரிசோதனைக்குக் கொடுங்கள், முடிவு வரும்வரை சமைக்காதீர்கள். மூளையும் தண்டுவடமும் மாநில எல்லையைத் தாண்டுவதைப் பல மாநிலங்கள் தடை செய்திருக்கின்றன. எலும்பு நீக்கிய இறைச்சிக்கு அந்தச் சிக்கல் வராது.

ஏப்ரல் குலுக்கலில் பெயர் வரவில்லை என்றால் கொலராடோவில் ஜூனில் இரண்டாம் குலுக்கல் இருக்கிறது, அதிலும் மிஞ்சியவை ஆகஸ்டில் விற்பனைக்கு வரும். ஆகஸ்டில் வாங்குகிறவர்கள் யூனிட் பெயரைக் கேட்ட அன்றே இரண்டு பேருக்கு போன் செய்யுங்கள்: அந்த ஊரில் குதிரை வைத்து இறைச்சி இறக்கித் தருபவர், அப்புறம் இறைச்சி வெட்டிப் பொட்டலம் போட்டுத் தரும் கடை. செப்டம்பர் கடைசியில் இருவருக்கும் தலைக்குமேல் வேலை இருக்கும். முன்கூட்டியே சொல்லி வைத்தவருக்குத்தான் குதிரையும் குளிர் அறையும் கிடைக்கும்.